நட்சத்திரக் குறி இல்லாத ஒன்பது ரிப்போர்ட்டுகள்

கணக்குப் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு எண் தனியாக வந்து நின்றால் நான் நம்பமாட்டேன். போன மாதம் எவ்வளவு, போன வருடம் இதே மாதம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். சிங்கப்பூரில், ஜூரோங் அலுவலகத்தில் என்னைப் பார்த்தாலே புதிதாக வந்த பிள்ளைகள் பழைய கோப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட நான், கம்பெனி செய்துகொடுத்த உடல் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கி, எல்லை தாண்டிய எண்ணுக்குப் போடுகிற நட்சத்திரக் குறி எங்காவது விழுந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழைய கோங் குவான் பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு மூடிக்கொண்டிருந்தேன். 2012 முதல் 2022 வரை ஒன்பது ரிப்போர்ட். ஒன்றிலும் நட்சத்திரம் இல்லை. அந்த வருடங்கள் முழுக்க என் கல்லீரல் தழும்பேறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

எனக்கு ஹெப்படைட்டிஸ் பி, அதாவது கல்லீரலைத் தாக்கும் கிருமி, இருப்பது 2011இலேயே தெரியும். மகன் வயிற்றில் இருந்தபோது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுக்கிற வழக்கமான இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. எச்பிஎஸ் ஆன்டிஜென் பாசிட்டிவ், அதாவது கிருமியின் மேலுறைப் புரதம் இரத்தத்தில் இருக்கிறது. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தோன்றிய ஒரே கேள்வி, பிள்ளைக்கு வருமா என்பதுதான். வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள், பார்த்தும் கொண்டார்கள். பிறந்த சில மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் இம்யூனோகுளோபுலின், இன்னொரு தொடையில் தடுப்பூசி. அப்புறம் மற்ற ஊசிகள். ஒரு வயதை நெருங்கும்போது இரத்தம் எடுத்துப் பார்த்து, கிருமி இல்லை, எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்றார்கள். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தோம். எனக்கென்று கல்லீரல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி ஒரு கடிதமும் கொடுத்திருந்தார்கள். அதை மகனின் சுகாதாரக் கையேட்டுக்குள் செருகி வைத்தேன். பேறுகால விடுப்பு முடிந்தது, வேலை, பிள்ளைக்கு ஆள் தேடும் அலைச்சல். கடிதம் கையேட்டோடு கையேடாக மடிந்து கிடந்தது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம்: பிரசவத்தின்போது இது தெரியவந்த பெண்கள் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தொலைந்துபோகிறோம். பிள்ளை தப்பித்துவிட்டது என்றதும் நம் கதையே முடிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடுகிறது.

2016இல் ஒரு காய்ச்சலுக்காகப் பேட்டைக் கிளினிக் ஒன்றுக்குப் போனபோது, பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அந்த டாக்டர் என் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, “கல்லீரல் நார்மல். நீங்கள் ஹெல்தி கேரியர், பயப்பட ஒன்றுமில்லை” என்றார். கிருமியைச் சுமந்தாலும் நோய் இல்லாதவள் என்று அர்த்தம். அந்த ‘ஹெல்தி’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஏழு வருடம் ஓட்டினேன். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது: கிருமி அடங்கிக் கிடக்கிற கட்டம் என்று சொல்வதற்குக் கல்லீரல் நொதி ஒருமுறை நார்மலாக இருந்தால் போதாது. இரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை குறைவாக, பொதுவாக 2,000 யூனிட்டுக்குக் கீழே, இருக்க வேண்டும். நொதியும் ஒரு வருடமாவது பல முறை பார்த்து நார்மலாகவே இருந்திருக்க வேண்டும். எனக்கு அந்த டிஎன்ஏ பரிசோதனையை அதுவரை யாரும் செய்யவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கம்பெனிப் பரிசோதனைத் தொகுப்பில் அது வராது. கொலஸ்ட்ரால் வரும், சர்க்கரை வரும், கல்லீரல் நொதி வரும், அவ்வளவுதான்.

2023இல் முதல் நட்சத்திரம் விழுந்தது. ஏஎஸ்டி, ஏஎல்டி என்று இரண்டு கல்லீரல் நொதிகள். ஏஎஸ்டி 46, ஆய்வகத்தின் மேல் எல்லை 40. ஏஎல்டி 41, அதன் எல்லை 55 என்று போட்டிருந்ததால் அதற்கு நட்சத்திரம் இல்லை. பரிசோதனை செய்த இடத்தில், கொஞ்சம் கொழுப்பு ஈரலாக இருக்கும், எடையைக் குறையுங்கள் என்றார்கள். எனக்கும் அந்தச் சமயத்தில் ஒரே அசதி. மத்தியானம் மூன்று மணிக்கு மேசையில் தலை வைத்துப் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை. வயது நாற்பத்திரண்டு, மகனுக்கு அந்த வருடம் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, இந்த ஊரில் யார்தான் அசதியாக இல்லை என்று நினைத்தேன்.

அம்மா மட்டும் விடவில்லை. “ஈரல்னு சொன்னா கீழாநெல்லிடி” என்றார். சனிக்கிழமை தோறும் தேக்காச் சந்தையில் கட்டு வாங்கி வந்து, வேரோடு அலசி, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடித்தேன். இரண்டு மாதம். அது போதாது என்று இணையத்தில் பார்த்து ‘ஈரல் சுத்தி’ மாத்திரை 240 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினேன். கீழாநெல்லி வெறும் பாட்டி வைத்தியம் என்று நான் சிரிக்கமாட்டேன். 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் ஹெப்படைட்டிஸ் பி கேரியர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்ததாக லான்செட் இதழில் எழுதினார்கள். இந்தக் கிருமியையே கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க்கும் அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர். ஆனால் அதற்குப் பிறகு மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அம்மா சொன்னதில் ஒரு காலத்தில் விஞ்ஞானிகளும் நம்பிக்கை வைத்திருந்தார்கள், அந்த நம்பிக்கை தேறவில்லை, அவ்வளவே. மாத்திரை விஷயம் வேறு. உள்ளே என்னென்ன இருக்கிறது என்றே தெரியாத காப்ஸ்யூல்களே ஈரலைக் கெடுத்து ஆளைப் படுக்கவைத்திருக்கின்றன என்று பின்னால் ஒரு தாதி எனக்கு விவரமாகச் சொன்னார். பாதிப் புட்டியை அப்படியே குப்பையில் போட்டேன். என்னுடைய உண்மையான நஷ்டம் 240 வெள்ளி இல்லை. ஏதோ வைத்தியம் நடக்கிறது என்ற நினைப்பில் டாக்டரிடம் போகாமல் கழித்த அந்த இரண்டு மாதம்.

கடைசியில் அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். முப்பது வயதுகூட இருக்காது, ஒரு சீனப் பெண் டாக்டர். திரையைப் பார்த்துக்கொண்டே, “கடைசியாக டிஎன்ஏ எப்போது பார்த்தீர்கள்?” என்று கேட்டார். பார்த்ததே இல்லை என்றேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த கை நின்றது. பழைய ரிப்போர்ட்டுகள் இருக்கின்றனவா என்றார். வீட்டில் ஒரு தகரத்தில் இருக்கின்றன என்றேன். “எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். முக்கியமாகப் பிளேட்லெட்டைப் பாருங்கள்” என்றார்.

அன்றிரவு மகன் தூங்கியதும் தகரத்தைத் திறந்து, மடிக்கணினியில் ஒரு எக்ஸெல் தாளைப் போட்டு, வருடவாரியாக எண்களை நிரப்பினேன். பத்து நிமிட வேலை. பிளேட்லெட், அதாவது இரத்தம் உறைய உதவும் அணுக்களின் எண்ணிக்கை (ஆயிரக்கணக்கில்), 2012இல் 268. 2015இல் 241. 2017இல் 226. 2019இல் 203. 2022இல் 172. 2023இல் 153. ஆய்வகத்தின் கீழ் எல்லை 150. அதைத் தொடாததால் ஒரு வருடம்கூட நட்சத்திரம் விழவில்லை. ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால் மாடிப்படி மாதிரி இறங்கி வந்திருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவரின் வங்கி இருப்பு இப்படி வருடாவருடம் இறங்கியிருந்தால் இரண்டாம் வருடமே நான் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். ஏஎஸ்டி 2012இல் 22, 2019இல் 33, பிறகு 39, பிறகு 46. ஏஎல்டி மட்டும் 29, 34, 47, 38, 44, 41 என்று ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஏஎல்டியை மட்டும்தான். தகரத்தின் மூடியை மறுபடி மூடக் கை வரவில்லை. இரவு ஒரு மணிக்குச் சமையலறையில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன்.

இந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இது புரிய மூன்று மாதம் ஆனது. ஏஎல்டி என்பது ஈரல் செல்களுக்குள் இருக்கிற நொதி. செல் அடிபட்டால் அது இரத்தத்தில் கசியும். ஆக, இரத்தம் எடுத்த அந்த நாட்களில் எத்தனை செல் அடிபடுகிறது என்றுதான் அது சொல்லும். இத்தனை வருடமாகச் சேர்ந்த தழும்பு எவ்வளவு என்று சொல்லாது. எங்கள் கணக்கு மொழியில் சொன்னால் ஏஎல்டி இந்த மாதச் செலவு, தழும்பு ஐந்தொகையில் சேர்ந்து நிற்கிற கடன். இந்த மாதம் செலவு குறைவு என்பதால் கடன் இல்லை என்று ஆகிவிடுமா? அதிலும் எனக்கு வந்த வகை, ‘இ’ ஆன்டிஜென் நெகட்டிவ் வகை. கிருமி தன்னைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு ‘இ’ புரதத்தை வெளியே விடாமலே பெருகும். இதில் ஏஎல்டி சில மாதம் ஏறும், சில மாதம் இறங்கும். வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் இறங்கிய மாதத்தில் மாட்டிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு.

அதோடு, அந்த 55 என்ற எல்லையும் என்னை ஏமாற்றியது. ஆய்வகம் போடுகிற எல்லை வேறு, ஈரல் மருத்துவர்கள் பார்க்கிற எல்லை வேறு. அமெரிக்க ஈரல் மருத்துவர்கள் சங்கம் 2018 வழிகாட்டியில் ஆணுக்கு 35, பெண்ணுக்கு 25 என்று வைத்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் கறார்: ஆணுக்கு 30, பெண்ணுக்கு 19. இந்தக் கணக்கில் என் முதல் ரிப்போர்ட்டின் 29கூட உயர்வுதான். பெண்ணுக்கு எல்லை குறைவு என்று ஒரு ரிப்போர்ட்டாவது சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

பிளேட்லெட்டுக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். தழும்பேறிய ஈரல் இறுகிப்போவதால் அதற்குள் போகவேண்டிய இரத்தத்துக்கு வழி குறைகிறது. பின்னால் அழுத்தம் ஏறி மண்ணீரல் வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டுகிற ஹார்மோனும் ஈரலில்தான் சுரக்கிறது, அதுவும் குறைகிறது. ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ஆல்புமின், பிலிருபின், இரத்தம் உறையும் நேரம் எல்லாம் பெரும்பாலும் கடைசியில்தான் கெடும். என்னுடையவை இன்றுவரை நன்றாக இருக்கின்றன. அவை கெடும்வரை காத்திருந்தால் ரொம்பத் தாமதம். வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி, பிளேட்லெட் இந்த நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். 2012இல் எனக்கு 0.47 வருகிறது, 2023இல் 1.97. பொதுவாக 1.45க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 3.25க்கு மேல் போனால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு அதிகம். நான் நடுவில், அதாவது ‘மேலே பார்க்க வேண்டும்’ என்ற இடத்தில். கையில் இருக்கிற ரிப்போர்ட்டிலேயே போட்டுப் பார்க்கிற கணக்கு இது, தனியாக ஒரு காசு செலவில்லை. ஆனால் இதை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள், டாக்டரிடம் கேள்வி கேட்க மட்டும் பயன்படுத்துங்கள்.

டிஎன்ஏ முடிவு வந்தது: 86,000. மருத்துவமனைக் கல்லீரல் பிரிவுக்குப் பரிந்துரைத்தார்கள். தேதி பதினோரு வாரம் கழித்து. பதினோரு வாரமா என்று எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இங்கேதான் அடுத்த தவறு. அவசரப்பட்டு ஒரு தனியார் நிபுணரிடம் போனேன். ஆலோசனை, அல்ட்ராசவுண்ட், ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், திரும்பவும் டிஎன்ஏ, ‘இ’ ஆன்டிஜென், ஈரல் புற்றுக்கான இரத்தப் பரிசோதனை ஏஎஃப்பி. ஒரே வாரத்தில் 1,870 வெள்ளி. அதில் டிஎன்ஏ மூன்று வாரத்துக்கு முன்னால்தான் செய்தது, அந்தத் தாளை நான் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். கேட்டார்கள், கையில் இல்லை என்றேன், திரும்ப எடுத்தார்கள். என் முட்டாள்தனத்துக்கு நான் கட்டிய வரி என்று எடுத்துக்கொண்டேன். எந்த டாக்டரிடம் போனாலும் முந்தைய ரிப்போர்ட் கையில் இருக்கட்டும், கைப்பேசியில் படமாகவாவது.

பணத்தைவிடப் பெரிய அடி அந்த ஃபைப்ரோஸ்கேனில். மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்வார்கள். விலா இடுக்கில் ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள், விரலால் சுண்டுகிற மாதிரி ‘டொக்’கென்று ஒரு தட்டு. பத்து முறை. வலியே இல்லை. அன்று காலை பதினொரு மணிக்கு முறை, பத்தே காலுக்கு நான் சிராங்கூன் சாலையில் உட்கார்ந்து மசால் தோசையும் தே தாரிக்கும் சாப்பிட்டிருந்தேன். சாப்பிட்டு வந்தாயா என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. முடிவு 13.6 கிலோபாஸ்கல். சிரோசிஸ், அதாவது ஈரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போன நிலை, அந்த எல்லைக்குள் வந்துவிட்டது என்றார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 12.5க்கு மேல் போனால் சிரோசிஸ். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவள் நான்கு பஸ்ஸை விட்டுவிட்டேன். பெரிய மாமா ஞாபகம் வந்தது. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். 1999இல் வயிற்றில் நீர் கோத்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஐம்பத்தொரு வயதில் போனார். குடித்தே செத்தான் என்று சொந்தக்காரர்கள் இன்றுவரை சொல்வார்கள். தீபாவளிக்கு ஒரு பீர் குடிப்பார், அவ்வளவுதான். அவரும் அம்மாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது அந்த பஸ் நிறுத்தத்தில்தான் எனக்கு உறைத்தது.

ஒன்பது வாரம் கழித்து மருத்துவமனை முறை வந்தது. நல்லவேளை, அதை நான் ரத்து செய்யவில்லை, கடைசி நேரத்தில் கணவர் தடுத்துவிட்டார். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு போனால் அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணம். அந்தத் தனியார் நிபுணரிடமிருந்து கடிதம் வாங்கிப் போயிருந்தால் தனியார் நோயாளிக் கணக்குதான். வாழ்நாள் முழுக்கப் போகவேண்டிய நோய்க்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை. தனியாரில் ஒரு மாத மாத்திரை வாங்கிய காசில் இங்கே மூன்று மாதத்துக்கு மேல் வாங்குகிறேன். நாள்பட்ட நோய்த் திட்டத்தில் ஹெப்படைட்டிஸ் பியும் இருப்பதால், திட்டத்தில் உள்ள மருந்தகங்களில் மெடிசேவ் என்ற கட்டாய மருத்துவச் சேமிப்பிலிருந்தும் ஒரு வரம்பு வரை எடுக்கலாம், 15 விழுக்காடு கையிலிருந்து கட்ட வேண்டும். இதையெல்லாம் கட்டண முகப்பில் இருந்த ஒரு மலாய்க்கார அக்கா பொறுமையாகச் சொன்னார். முதல் நாளே அவரிடம் போய் நின்றிருக்கலாம்.

அங்கே ஃபைப்ரோஸ்கேனுக்கு முன் குறைந்தது மூன்று மணி நேரம் பட்டினி என்று குறுஞ்செய்தியிலேயே வந்துவிட்டது. இந்தத் தடவை 10.8. தோசைக் கதையைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். சாப்பிட்டதும் ஈரலுக்குப் போகிற இரத்த ஓட்டம் கூடும், அளவு ஏறிக் காட்டும் என்றார். ஏஎல்டி தாறுமாறாக ஏறியிருக்கும் சமயத்திலும் வீக்கத்தால் அளவு கூடித்தான் தெரியுமாம். 10.8உம் நல்ல செய்தி இல்லை, தழும்பு முற்றிய நிலைதான். ஆனால் 13.6க்கும் 10.8க்கும் நடுவில் நான் தூங்காத ஒன்பது வாரம் இருக்கிறது. அதை யாரிடம் போய்க் கேட்பது?

மாத்திரை என்டெகாவிர், 0.5 மில்லிகிராம், தினம் ஒன்று. ஆரம்பிக்கும் முன் எச்ஐவி பரிசோதனைக்கும் கையெழுத்துக் கேட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது சந்தேகத்தில் கேட்பது இல்லை. எச்ஐவி இருக்கிறவருக்கு இந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் அந்தக் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அதனால் எல்லோரிடமும் கேட்பார்களாம். தெரிந்திருந்தால் அன்றைக்கு முகம் சிவந்திருக்காது. இன்னொன்று, இதை வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பு. காலையில் முயன்று பார்த்தேன், கோப்பி இல்லாமல் இரண்டு மணி நேரம் என்னால் முடியாது. இப்போது இரவு எட்டரைக்குச் சாப்பாடு, பதினோரு மணிக்கு மாத்திரை. விருந்து வீட்டுக்குப் போன நாட்களில் நள்ளிரவு தாண்டிவிடும், பரவாயில்லை.

டிஎன்ஏ ஆறு மாதத்தில் 640க்கு வந்தது, ஒரு வருடத்தில் கருவிக்கே தெரியாத அளவுக்குக் கீழே போனது. சந்தோஷத்தில், கிருமி போய்விட்டதே, நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். டாக்டர் அதுவரை இருந்த சிரிப்பை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொன்னார். மாத்திரை கிருமி பெருகுவதை மட்டும்தான் தடுக்கிறது. அதன் மூலப் பிரதி ஈரல் செல்லின் உட்கருவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. தானாக நிறுத்தினால் அது திரும்பக் கிளம்பி, ஏஎல்டி ஆயிரத்தைத் தாண்டி, ஈரலே செயலிழந்து போனவர்கள் இருக்கிறார்கள் என்றார். ஊருக்குப் போகும்போது இப்போதெல்லாம் மாத்திரையை இரண்டு பங்காகப் பிரித்துக் கைப்பையில் ஒன்று, பெட்டியில் ஒன்று என்று வைக்கிறேன். வேறு எந்த நோய்க்காக ஸ்டீராய்டோ கீமோவோ கொடுக்கப்போனாலும் ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன், அப்போதும் கிருமி கிளம்புமாம்.

வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கணவருக்குப் பரிசோதித்ததில் கிருமியும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை. பன்னிரண்டு வருடம் அவரும் ஊசி போடாமலே இருந்திருக்கிறார். மூன்று ஊசி போட்டுக்கொண்டார். என் மாமியாருக்குத் தெரிந்த வாரம், என் எவர்சில்வர் டம்ளரின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு விழுந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. கழுவும்போது பார்த்தேன், கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டேன். அழுகை இல்லை, ஒரு மாதிரி கூச்சம், என் உடம்பே எச்சில் ஆகிவிட்ட மாதிரி. அடுத்த தடவை மருத்துவமனைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். தமிழ்த் தாதி ஒருவர், “பாட்டி, சாப்பாட்டுல, தட்டுல, தொட்டா, கட்டிப்பிடிச்சா எல்லாம் வராது. இரத்தத்துல வரும், தாம்பத்தியத்துல வரும், பிரசவத்துல பிள்ளைக்கு வரும். பல் துலக்குற பிரஷ், பிளேடு, நகவெட்டி மட்டும் தனியா வெச்சுக்குங்க” என்று சொன்னார். அத்தை பதில் பேசவில்லை. வீட்டுக்கு வந்து டம்ளரை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பொட்டு முழுதாகப் போகவில்லை. இப்போது அந்த டம்ளரில் மகன் மைலோ குடிக்கிறான்.

காப்புறுதி விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. அரசாங்கத்தின் அடிப்படைக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லோருக்கும் ஏற்கெனவே இருக்கிற நோயையும் சேர்த்துத்தான். ஆனால் மேலே தனியாக வாங்குகிற திட்டத்தில் ஈரலை விலக்கிவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தார்கள். முகவர் ஒருவர், அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிடுங்கள் அக்கா என்று சொல்லிப் பார்த்தார். போடவில்லை. பின்னால் மருத்துவப் பதிவை எடுத்துப் பார்த்தால் கட்டிய பிரீமியம் எல்லாம் வீண் என்பது கணக்குப் பிரிவுக்காரிக்குத் தெரியாதா?

சென்ற வருடக் கடைசியில் பார்த்தபோது ஏஎல்டி 19, பிளேட்லெட் 188, ஃபைப்ரோஸ்கேன் 7.9. தழும்பு இளகும் என்று டாக்டர் முதலிலேயே சொன்னபோது நான் நம்பவில்லை. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பியும் நிற்காது. ஹெப்படைட்டிஸ் பியில் சிரோசிஸ் வராமலேயே ஈரலில் புற்று வரலாம், என்னைப் போலத் தழும்பு முற்றியவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தக் குளிர்ந்த ஜெல்லை வயிற்றில் தடவும்போது அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். புருவம் சுருங்குகிறதா, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாரா என்று. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

குடும்பத்தில் எல்லோரும் இரத்தம் கொடுத்தோம். தங்கை 1988இல் பிறந்தவள். சிங்கப்பூரில் 1985இல் கேரியர் தாய்மார்களின் குழந்தைகளுக்கும் 1987இல் எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்தவுடன் தடுப்பூசி என்று வந்துவிட்டதால் அவள் தப்பினாள். நான் 1981. அம்மாவுக்குப் பாசிட்டிவ். எழுபது வயது, இத்தனை வருடமும் ஒரு டாக்டரும் அவரைக் கேட்டதில்லை. ஏஎல்டி 21, நார்மல்தானே, எனக்கு ஏன் இதெல்லாம் என்றார். நான் எக்ஸெல்லில் இரண்டாவது தாளைத் திறந்து அவர் பெயரைப் போட்டேன். பழைய எண்கள் எதுவும் இல்லை, முதல் வரி மட்டும்தான். ஸ்கேன் வரும் வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு. ராத்திரிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். பால் ஊற்றாத கோப்பி குடித்தால் தப்பா என்று இப்போதுதான் மறுபடி போன் செய்து கேட்கிறார்.